காபிச் சக்கை உரமாகுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டிகாஷன் இறக்கிய சக்கையை அன்றாடம் பூந்தொட்டிகளில் போட்டு வருகிறேன். நல்ல உரம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் புது இலைகள் சிறுத்துப்போய், அடி இலைகள் மஞ்சளாகின்றன. தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்து ஓடிவிடுகிறது. என்ன செய்யலாம்?

முதலில் சக்கையை வழித்து எடுங்கள். மேல்மண்ணோடு கலந்துவிட்டது என்றால் 2 செ.மீ. ஆழத்துக்கு அந்த மண்ணையும் சேர்த்தே எடுத்துவிட்டு, நல்ல மண்ணால் நிரப்புங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைக்கும் காரணம் அந்தச் சக்கைதான்.

சக்கையில் நைட்ரஜன் இருப்பது உண்மை. உலர்ந்த எடையில் சுமார் 2 சதவீதம் தேறும். ஆனால் அது புரதத்தில் கட்டுண்டு கிடக்கும் நைட்ரஜன். வேரால் அப்படியே உறிஞ்ச முடியாது. நுண்ணுயிர்கள் சக்கையைச் சிதைத்த பிறகுதான் அது செடிக்குக் கிடைக்கும். அந்தச் சிதைவு தொட்டிக்குள்ளேயே நடந்தால், பெருகும் நுண்ணுயிர்கள் மண்ணில் ஏற்கெனவே கரைந்திருக்கும் நைட்ரஜனையும் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும். செடி பற்றாக்குறையைச் சமாளிக்க அடி இலைகளிலிருந்து நைட்ரஜனை உருவித் தளிருக்கு அனுப்பும். மஞ்சள் கீழிருந்து தொடங்குவது அதனால்தான்.

‘அப்படியானால் கொஞ்சம் யூரியா போட்டால் சரியாகிவிடுமா?’ என்று கேட்கத் தோன்றும். ஆகாது. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், தொட்டி மண்ணின் கன அளவில் 5 சதவீதம் மக்காத சக்கையைக் கலந்து முள்ளங்கி, புரோக்கோலி, சூரியகாந்தி முதலிய ஐந்து செடிகளை வளர்த்தார்கள். ஐந்துமே வளர்ச்சி குன்றின. உரம் சேர்த்துக் கொடுத்தும் தேறவில்லை. ஆக, பசி மட்டும் காரணமல்ல. சக்கையில் மிஞ்சியிருக்கும் காஃபீனும் பீனால் வகைச் சேர்மங்களும் இளம் வேரை நேரடியாகவே தடுக்கின்றன. இவை மக்கும்போதுதான் உடைகின்றன.

தண்ணீர் வழிவது வேறு கணக்கு. சக்கையின் துகள்கள் மிக நுண்ணியவை, எண்ணெய்ப் பசையும் உண்டு. மேலே பரவிக் காய்ந்தால் தகடுபோல் இறுகி நீரைத் தள்ளும். சக்கையை எடுத்த பின், மெல்லிய குச்சியால் ஏழெட்டு இடத்தில் மண்ணைக் குத்திவிட்டு, தொட்டியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் உள்ள வாளியில் அரை மணி நேரம் இறக்கி வையுங்கள். அடித்துளை வழியாக நீர் ஏறி மண் முழுதும் நனையும். பிறகு வெளியே எடுத்து வடிய விடுங்கள். மஞ்சளான இலைகள் பெரும்பாலும் திரும்பப் பச்சையாகாது. இனி வரும் தளிரைப் பார்த்துத்தான் செடி தேறியதா என்று முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: தினமும் நாலு கப் காபி போடும் வீடு எங்களுடையது. பால்கனியில் ஒரு டிரம் வைத்து மக்க வைக்கலாம் என்று எண்ணம். எவ்வளவு சக்கைக்கு எவ்வளவு காய்ந்த இலை? டிரம் எப்படி இருக்க வேண்டும்?

நாலு கப்புக்குச் சுமார் 60 கிராம் தூள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐந்தில் ஒரு பங்கு காபியில் கரைந்துபோகும். மீதி, ஈரத்தை இழுத்துக்கொண்டு 120 கிராம் சக்கையாக நிற்கும். வாரத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, கன அளவில் ஏறக்குறைய 2 லிட்டர். இதுதான் உங்கள் அடிப்படை அளவு.

மக்கும் குவியலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் வேலை சீராக நடக்கும். காபிச் சக்கையின் நிறம் பழுப்பு. அதைப் பார்த்து அதைச் சருகோடு சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். தவறு. அதன் விகிதம் ஒன்றுக்கு 20 அளவில் இருக்கும்; வெட்டிய பசும்புல்லும் காய்கறித் தோலும் சேரும் வரிசை அது. காய்ந்த இலைக்கு 40 முதல் 80 வரை. அட்டைக்கும் மரத்தூளுக்கும் இன்னும் பல மடங்கு.

கிலோவில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ ஈரச் சக்கையில் உலர் பொருள் 400 கிராம்தான். அதில் கார்பன் 190 கிராம் சொச்சம், நைட்ரஜன் 9 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 600 கிராம் காய்ந்த இலை சேர்த்தால் கார்பன் இன்னொரு 230 கிராம், நைட்ரஜன் 4 கிராம். கூட்டிப் பார்த்தால் 420க்கு 13, அதாவது ஒன்றுக்கு 32. காய்கறித் தோல் கொஞ்சம் சேர்ந்தால் 30க்குள் வந்துவிடும். ஆனால் பால்கனியில் யாரும் தராசு வைத்துக்கொண்டு நிற்கப் போவதில்லை. ஒரே டப்பாவை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்: சக்கை ஒன்று, காய்கறிக் கழிவு ஒன்று, நொறுக்கிய சருகு மூன்று. இந்தக் கலவையில் சக்கை கன அளவில் 20 சதவீதம். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். கார்பன் கணக்கு சரியாக வந்தாலும், சக்கை கூடினால் கலவை இறுகிக் காற்று நின்றுவிடும். மேலே சொன்ன பீனால் தொல்லையும் கூடவே நீளும்.

டிரம் 60 முதல் 100 லிட்டர் கொள்ளட்டும். பக்கச் சுவரில் 8 முதல் 10 மி.மீ. துளைகள், ஒன்றுக்கொன்று 10–15 செ.மீ. இடைவெளியில். அடியிலும் ஏழெட்டுத் துளை போட்டு, இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்து, கீழே ஒரு தட்டு. உள்ளே கொசுவலைத் துணியை ஒட்டிவிட்டால் ஈ நுழையாது. அடியில் 6–8 செ.மீ. உயரத்துக்குச் சுள்ளி, காய்ந்த தண்டு, தேங்காய் நார் என்று முரட்டுப் பொருள் எதையாவது பரப்புங்கள். இந்த அடுக்கைச் சோம்பலில் விட்டுவிடுகிறவர்கள்தான் பிறகு நாற்றம் என்று எழுதுகிறார்கள்.

சருகை நொறுக்கித்தான் போட வேண்டும். முழு இலைகள் ஈரப்பட்டதும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக் காற்றை மறைக்கும். சக்கையைக் குவியலாகக் கொட்டாமல் ஒரு சென்டிமீட்டருக்கு மிகாமல் தூவிவிட்டு, கையால் சருகோடு பிசறுங்கள். ஒவ்வொரு முறையும் மேலே இரண்டு விரற்கடை சருகு மூடியே இருக்கட்டும். வாரம் ஒருமுறை அடிவரை கிளறுங்கள். இந்தக் கணக்கில் வாரத்துக்குச் சுமார் 10 லிட்டர் சேரும்; ஆனால் மக்க மக்க அமுங்கிக்கொண்டே போவதால் நடுத்தர டிரம் நிரம்ப இரண்டரை, மூன்று மாதம் ஆகும். நிரம்பிய பிறகு எதையும் சேர்க்காமல் இன்னும் இரண்டு, மூன்று மாதம் விட வேண்டும். அதனால்தான் இரண்டு டிரம் வேண்டும் என்கிறோம்: ஒன்று நிரம்ப, ஒன்று முதிர.

கேள்வி: எங்கள் உரத் தொட்டியில் அழுகிய முட்டை நாற்றம். பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுண்ணாம்பு தூவினால் போகும் என்கிறார்கள், சரியா?

சுண்ணாம்பை ஒதுக்கி வையுங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் காற்று போகவில்லை என்று பொருள். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வேறு வகை பாக்டீரியா தலையெடுத்து ஹைட்ரஜன் சல்பைடு வெளியேற்றுகிறது. பாதிக்குப் பாதி இது அதிக ஈரத்தால், மீதி சக்கை கட்டியாகிப் போனதால். உள்ளே கைவிட்டால் கறுத்துப்போன, வழவழப்பான அடைகள் அகப்படும். அவைதான் மூலம்.

எல்லாவற்றையும் ஒரு விரிப்பில் கொட்டி, அடைகளை உதிர்த்து, கலவையின் கன அளவில் பாதி அளவு காய்ந்த பொருள் சேருங்கள்: கிழித்த அட்டை, நார்க்கழிவு, சருகு எது இருந்தாலும் சரி. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டு மூன்று சொட்டு மட்டும் வர வேண்டும். ஓடையாக வழிந்தால் இன்னும் சருகு தேவை, கையில் ஈரமே படாவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். திரும்ப நிரப்பி, முதல் வாரம் இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறினால் மூன்று, நாலு நாளில் நாற்றம் அடங்கிவிடும்.

மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி என்றால் அது வேறு. அங்கே காற்று இருக்கிறது, நைட்ரஜன்தான் மிகுதி. வெறும் சக்கையால் மட்டும் அது அநேகமாக வராது. சக்கையோடு பசும்புல், கோழி எரு என்று சேர்த்துக் குவிக்கும்போது வரும். இந்த நிலையில் சுண்ணாம்பு போட்டால் காரத்தன்மை ஏறி, இருக்கிற நைட்ரஜனும் அம்மோனியாவாகப் பறந்துபோகும். மூக்குக்கும் கஷ்டம், உரத்துக்கும் நஷ்டம். மரத்தூளோ கிழித்த அட்டையோ சேர்த்துக் கிளறுங்கள்.

கேள்வி: காபி அமிலம்தானே? சக்கை போட்டால் மண் புளித்துவிடாதா? அமில மண்ணை விரும்பும் செடிகளுக்கு மட்டும் போடலாம் என்று படித்தேன்.

காபியின் அமிலங்களில் பெரும்பகுதி நீரில் கரைபவை. அவை கோப்பைக்குப் போய்விட்டன. மிஞ்சும் சக்கை லேசான அமிலம் முதல் நடுநிலை வரை இருக்கும். வறுத்த விதத்தையும் இறக்கிய விதத்தையும் பொறுத்து மாறும். மக்க மக்க அதுவும் நடுநிலைக்கு நகரும். மண்ணின் அமிலத்தன்மையைக் கூட்ட விரும்புகிறவர் சக்கையை நம்பினால் ஏமாறுவார். அதற்குக் கந்தகம் இருக்கிறது. கூட்டிவிடுமோ என்று பயப்படுகிறவருக்கும் அந்தப் பயம் தேவையில்லை. ரோஜாவுக்கும் அசேலியாவுக்கும் பச்சைச் சக்கையை அள்ளிப் போடச் சொல்லும் அறிவுரை எவ்வளவு பிரபலமோ அவ்வளவு அடிப்படையற்றது.

கேள்வி: ஒரு காபிக் கடையிலிருந்து வாரம் 30 கிலோ சக்கை தரத் தயாராக இருக்கிறார்கள். வாங்கலாமா? பையைத் திறந்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை படிந்திருக்கிறது.

சருகு எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 30 கிலோ என்றால் 60 லிட்டர். மூன்று மடங்கு சருகு என்றால் வாரம் 180 லிட்டர், ஒன்பது பெரிய வாளி. சருகு இல்லாமல் சக்கையை மட்டும் சேர்த்து வைப்பது, பிறகு எங்கே கொட்டுவது என்று தவிப்பதற்கு வழி.

பூஞ்சை கெடுதல் அல்ல. கட்டிய பிளாஸ்டிக் பையில் ஈரச் சக்கை மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். பச்சையாகத் தெரிவது பெரும்பாலும் டிரைக்கோடெர்மா வகை, மக்க வைக்கும் வேலைக்காரன்தான். ஆனால் பையை உதறும்போது வித்துகள் தூசியாகக் கிளம்பும். ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டே போக வேண்டாம், மற்றவர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு, லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கையாளுங்கள். உடனே பயன்படுத்த முடியாவிட்டால் வெயிலில் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, தொட்டால் உதிரும்வரை காய வையுங்கள். காய்ந்தது மாதக்கணக்கில் கெடாது. குவியலில் போடும்போது மறக்காமல் நனைத்துப் போடுங்கள்.

இந்த அளவு கைவசம் இருப்பவர்களுக்குச் சூடேறும் குவியல்தான் சரி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் வேண்டும். அதைவிடச் சிறிதானால் உண்டாகும் வெப்பம் வெளியே போய்விடும். 20 லிட்டர் வாளியில் அளந்தால் சக்கை 10 வாளி, பசுங்கழிவு 10, நொறுக்கிய சருகு 30. சக்கையை மூன்று, நாலு வாரம் உலர்த்திச் சேர்த்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே நாளில் கலந்து, நனைத்து அடுக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் குவியல் சூடேறாது.

இரண்டு, மூன்று நாளில் நடுவில் 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் ஏறும். நீளத் தண்டு உள்ள வெப்பமானி நல்லது. இல்லையென்றால் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள், பிடித்திருக்க முடியாத சூடு வேண்டும். 65ஐத் தாண்டினாலும் கிளறுங்கள், 45க்குக் கீழே இறங்கினாலும் கிளறுங்கள். கிளறும்போது வெளிப்புறத்தில் இருந்தது உள்ளே போக வேண்டும். நாலைந்து முறைக்குப் பிறகு கிளறியும் சூடு ஏறவில்லை என்றால் முதல் கட்டம் முடிந்தது. அதன்பின் நாலு முதல் ஆறு வாரம் தொடாமல் முதிர விடுங்கள்.

கேள்வி: என் 60 லிட்டர் உரத் தொட்டி சூடாகவே இல்லை. மக்குகிறதா இல்லையா?

60 லிட்டர் தொட்டி சூடாகாது. மக்குகிறது, மெதுவாக.

கேள்வி: மண்புழுத் தொட்டியில் சக்கை போடலாமா? ஒரே நாளில் அரைக் கிலோ போட்டேன், புழுக்கள் சுவரேறி வெளியே வந்துவிட்டன.

சுவரேறினால் உள்ளே இருக்க முடியவில்லை என்று பொருள். எருப்புழு வகைக்கு 15 முதல் 25 டிகிரி இதமானது; 35க்கு மேல் போனால் மடியும். அரைக் கிலோ ஈரச் சக்கை ஒரே இடத்தில் கிடந்தால் அதுவே சூடேறும், கூடவே காற்றையும் அடைக்கும். வாரத் தீனியில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சக்கை வேண்டாம். தொட்டியின் ஒரு பாதியில் மட்டும் மெல்லிசாகத் தூவி, மறு பாதியை விட்டுவையுங்கள். பிடிக்காவிட்டால் ஒதுங்க இடம் இருக்கும். சக்கையின் கரகரப்பு புழுவுக்கு உதவியே. அதற்குப் பல் இல்லை, இரைப்பையில் உள்ள மணல் துகளால்தான் அரைத்துக்கொள்கிறது. முட்டை ஓட்டைப் பொடித்து வாரம் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் அரைப்புக்கும் ஆகும், அமிலமும் தணியும்.

இப்போதைக்குப் போட்ட சக்கையை வாரி எடுத்துவிட்டு, ஈரமான கிழித்த அட்டை இரண்டு கை போட்டு, மூடியைத் திறந்து விளக்கு வெளிச்சத்தில் ஓர் இரவு வையுங்கள். வெளிச்சம் பிடிக்காமல் தாமே இறங்கிவிடும்.

கேள்வி: வடிதாள், காபி கேப்ஸ்யூல், சிக்கரி கலந்த தூள், மிஞ்சிய பால் காபி: இவற்றில் எதெல்லாம் போடலாம்?

வடிதாள் தாராளமாக, வெளுத்ததோ பழுப்போ, நாலாகக் கிழித்துப் போடுங்கள், அது சருகுக் கணக்கில் சேரும். கேப்ஸ்யூல் என்றால் அலுமினியமும் பிளாஸ்டிக்கும். வெட்டித் திறந்து சக்கையை மட்டும் எடுங்கள். ‘மக்கக்கூடியது’ என்று அச்சிட்ட கேப்ஸ்யூல்களில் பல, தொழிற்சாலைக் குவியலின் வெப்பத்தில் மக்கும்படி செய்தவை; வீட்டுத் தொட்டியில் அப்படியே கிடக்கும். தேயிலைப் பைகளிலும் சிலவற்றில் பிளாஸ்டிக் இழை உண்டு, கிழித்துக் கொட்டுவதே உத்தமம். சிக்கரி வறுத்த வேர்தானே, தடையில்லை. பாலும் சர்க்கரையும் கலந்த காபி வேண்டாம்: எறும்பும் புளிப்பு நாற்றமும் சேர்ந்து வரும்.

கேள்வி: சக்கையைச் சுற்றிப் போட்டால் நத்தை வராது என்கிறார்கள். நாய் வளர்க்கிறோம், அதற்கு ஏதும் ஆகுமா?

நத்தைக் கதைக்கு ஒரு வேர் இருக்கிறது. 2002இல் ஹவாய் ஆய்வாளர்கள் 1–2 சதவீதக் காஃபீன் கரைசல் நத்தையையும் ஓடில்லா நத்தையையும் கொல்வதாகக் காட்டினார்கள். காபியிலேயே அதில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது; இறக்கிய சக்கையில் மிஞ்சுவதும் சொற்பம். வரிசையாகப் போட்ட சக்கையை நத்தை தாண்டிப் போவதைப் பார்க்கலாம்.

நாய்க்கு மட்டும் அந்தச் சொற்பமும் ஆபத்து. சின்ன நாய் ஒரு கிண்ணம் சக்கையைத் தின்றால் படபடப்பு, வாந்தி, நடுக்கம் என்று போய் வலிப்புவரை ஆகலாம். உரத் தொட்டிக்குப் பூட்டும் மூடி போடுங்கள், தின்றுவிட்டால் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: உரம் தயாராகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எந்த அளவில் போடுவது?

நிறத்தை நம்ப வேண்டாம். காபிச் சக்கை போட்ட நாளிலிருந்தே மக்கிய உரத்தின் நிறத்தில்தான் இருக்கிறது. இந்த உரத்தில் ஏமாறுகிறவர்கள் எல்லோரும் நிறத்தில்தான் ஏமாறுகிறார்கள். மணத்தைப் பாருங்கள். காபி வாசனை துளி இருந்தாலும் முடியவில்லை. மழை பெய்த மண் வாசனை வர வேண்டும்.

அடுத்து, ஈரமான ஒரு பிடியைக் காற்றுப் புகாத பையில் மூடி மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் புளிப்போ அம்மோனியாவோ அடித்தால் இன்னும் இரண்டு, மூன்று வாரம் வேண்டும். அதிலும் தேறினால் கடைசியாக விதைச் சோதனை. ஒரு கிண்ணத்தில் உரமும் மண்ணும் சரிபாதி, இன்னொன்றில் வெறும் மண். இரண்டிலும் பத்துப் பத்து முள்ளங்கி விதை. ஐந்தாறு நாளில் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை முளைத்து, வேர் ஒரே நீளத்தில் வெள்ளையாக இருந்தால் உரம் தயார். உரக் கிண்ணத்தில் முளைப்பு குறைந்தாலோ, வேர் நுனி பழுப்பேறினாலோ பீனால் இன்னும் போகவில்லை.

தொட்டிச் செடிக்கு மண் கலவையில் நாலில் ஒரு பங்கு போதும். ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் செடியென்றால் மேலே 1 செ.மீ. பரப்பி, மேல்மண்ணோடு லேசாகக் கிளறிவிடுங்கள். பாத்திக்கு 2–3 செ.மீ. பரப்பி 10 செ.மீ. ஆழத்துக்குக் கொத்திவிடலாம். நாற்றுக்கு விதைக்கும் கலவையில் மட்டும் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதீர்கள். அதையும் 5 மி.மீ. கண் உள்ள சல்லடையில் சலித்துப் போடுங்கள். சல்லடையில் நிற்கும் சுள்ளியையும் மக்காத தண்டையும் எறிய வேண்டாம், அடுத்த டிரம்முக்கு அடி அடுக்காகப் போடலாம்.